எமிர் அத்தாவின் தலையணை உறை

தெர்ஸ்புலாக்
4 ஜூன் 2017

அன்புள்ள கூர்க்கண்ணிக்கு,

வயதான காலத்தில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார்களாம். மினிபஸ் ஓட்டும் கப்பார் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து சொன்னான். அது பொய். வெள்ளிக்கிழமைதோறும் நான் எமிர் அத்தாவின் புதருக்கு ஏறிப் போய் உன் அண்ணனை நினைத்து அழுதுவிட்டு வருகிறேன் என்பதும் பொய். அந்தப் புதரால் என் முழங்கால் வலி தீர்ந்தது என்பது மூன்றாவது பொய். வலி அப்படியே இருக்கிறது. குழுவில் உள்ள நாற்பத்தொரு பேருக்கும் இதைத் தெரிவித்துவிடு.

அந்தக் குழுவில் சுற்றும் படத்தில் இருப்பது என் முதுகுதான். மறுக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டும் என்னுடையதுதான். ஆனால் ஒருத்தியின் முதுகை அவளைக் கேட்காமல் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது எந்த வீட்டு வளர்ப்பு? சீனாவில், ஹார்பினில் நான் வளர்ந்த கான்வென்ட்டில் பக்கத்துப் பெண்ணின் கடிதத்தை எட்டிப் பார்த்தாலே அன்று மாலை ரொட்டி கிடையாது.

இந்த வசந்தத்திலிருந்து நாரின் பக்கமிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். ஒரு காட்டு ரோஜாப் புதர், அதில் நூறு துணிக் கிழிசல். அடியில் எமிர் அத்தா என்று ஒரு மகான் அடங்கியிருக்கிறாராம். பிள்ளை கேட்கிறார்கள், வேலை கேட்கிறார்கள், ஆடு அறுக்கிறார்கள், தர்பூசணித் தோலை ஓடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைதான் கூட்டம் அதிகம்.

மூன்று வாரமாக உன்னை அழைக்கவில்லை. போன் பழுது. சமையலறை ஜன்னலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்து நீ என்னை அழைத்துப்போக உன் மகன் உலானைக் காரோடு அனுப்ப வேண்டாம். வாரம் ஒருமுறை என் குரல் உன் காதில் விழுந்தால் நான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாம் என்பதுதான் உன் அண்ணன் இறந்த நாற்பதாம் நாளன்று நமக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம். கடிதமும் குரல்தான். கப்பார் செவ்வாய் பிஷ்கெக் போகிறான், சனி திரும்புகிறான். கடித உறையின் மேல் உன் பெயரை அவன் எழுதுவான். நான் எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணி,
மைசரா

பிஷ்கெக்
9 ஜூன்

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் பாத்ததும் உலான் பயந்துட்டான். "என்னம்மா, கோர்ட்டு நோட்டீஸா?"ன்னு கேக்கறான். இந்த வீட்டுல பேனா தேடறதுக்கு அரை மணி நேரம் ஆச்சு அண்ணி. கடைசியில பேத்தியோட பென்சில் பெட்டியில ஒரு ஊதாப் பேனா கிடைச்சுது. அதான் எழுத்து இந்த நிறம்.

இங்க எல்லாம் போன்லதான். மின்சாரக் கட்டணம், மருந்து, ரொட்டி, டாக்டர் எல்லாமே. மருமகள் மீரிம் நல்ல பொண்ணு, குறை சொல்லலை. ஆனா பக்கத்து ரூம்லேருந்து "அத்தே, டீ ரெடி"ன்னு மெசேஜ் அனுப்பறா, கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. நானும் ஒரு மூஞ்சி அனுப்பிட்டு எழுந்து போறேன். போன வாரம் வைஃபை ரெண்டு மணி நேரம் நின்னுடுச்சு. பூகம்பம் வந்த மாதிரி எல்லாரும் ரூமை விட்டு நடைக்கு வந்து நின்னாங்க. நான் மாவு பிசைஞ்சு பூர்சோக் பொரிச்சேன். எல்லாரும் உக்காந்து தின்னாங்க. அப்புறம் வந்துடுச்சு, போயிட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். எமிர் அத்தா புதரோட படம் எனக்குப் பதினோரு பேர் அனுப்பினாங்க. "இதை ஏழு பேருக்கு அனுப்பினா நல்லது நடக்கும்"னு. பதினோராவது படத்துல நடுவுல ஒரு வெள்ளைத் துணி. ரெண்டு விரலால அகலப்படுத்திப் பாத்தேன். ஓரத்துல நூலை உருவிட்டு ஏணி மாதிரி தைச்ச தையல். மூலையில E, M ரெண்டு எழுத்தும் கொடி மாதிரி பின்னியிருக்கு.

அண்ணி, அது எங்க அண்ணன் தலையணை உறை.

உங்க கல்யாணத்துக்கு நீங்க தைச்சுக் கொண்டுவந்த ஜோடியில ஒண்ணு. இன்னொண்ணை எனக்குக் குடுத்தீங்களே, இதோ அலமாரியில இருக்கு. பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் எழுதறேன். புது மருமகளா வந்த அன்னிக்கு, ஒன்பது வயசு எனக்கு, உங்க முகத்திரைக்குப் பின்னாடி பல்லு ஒண்ணு வளைஞ்சிருக்குன்னு நான் கத்தினேன். புருஷன் வீட்டார் பேரை மருமக சொல்லக்கூடாதுங்கிறதால அன்னிக்கே எனக்குக் 'கூர்க்கண்ணி'ன்னு பேர் வச்சீங்க. வச்ச பேரை இப்ப காப்பாத்திட்டேன், அவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லலை. ஆனா அது மலையில என்ன பண்ணுது? நாம பேசற வெள்ளிக்கிழமையில நீங்க ஏன் மலையில நிக்கறீங்க? போன் சமையலறையில நல்லா எடுக்குதுன்னு நாலு வருஷமா சொன்னீங்களே? நிஜத்தைச் சொல்லுங்க. இல்லேன்னா செப்டம்பர்ல உலான் காரோட வருவான், நீங்க டீ சமோவாரைக் கட்டிக்கிட்டு அழுதாலும் தூக்கிட்டு வந்துடுவான்.

ஜிபார்

தெர்ஸ்புலாக்
18 ஜூன்

அன்புள்ள கூர்க்கண்ணிக்கு,

முதலாவதாக, உன் கடிதத்தில் ஐந்து பிழைகள். சிவப்புப் பென்சிலால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பேசுவது போலவே எழுதுகிறாய். அதைத் திருத்த எனக்கு வயது போதாது.

இரண்டாவதாக, நான் சமோவாரைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை.

மூன்றாவது விஷயத்தை எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

சமையலறையில் டவர் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. இந்த ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. நாற்பதாம் நாள் முடிந்து நீங்கள் எல்லோரும் போன பிறகு, உன் மகன் வாங்கிக் கொடுத்த போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டம், சாலை, கால்வாய்க் கரை என்று நடந்தேன். மலைச்சரிவில் அந்தப் புதருக்குப் பக்கத்தில் இரண்டு கோடு வந்தது. ஒரு கை அகலம் இந்தப் பக்கம் நகர்ந்தால் இல்லை. அங்கிருந்துதான் முதல் வெள்ளிக்கிழமை உன்னை அழைத்தேன். "எங்கேருந்து பேசறீங்க அண்ணி?" என்று கேட்டாய். மலையிலிருந்து என்று சொன்னால் அடுத்த வாரமே கார் வந்திருக்கும். சமையலறை என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை.

பனி விழுந்ததும் எல்லாப் புதரும் ஒன்றாகிவிட்டன. இடம் தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினேன். அதனால் உன் அண்ணனின் தலையணை உறையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். வேறு வெள்ளைத் துணி வீட்டில் இருந்தது. இதைத்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்காதே.

கோட்டுப் பையில் ஒரு கோப்பையும் கரண்டியும் வைத்திருப்பேன். பேசும்போது நடுநடுவே கரண்டியால் கோப்பையைக் கலக்குவேன். சமையலறைச் சத்தம் வேண்டுமல்லவா.

எமிர் அத்தா எப்படி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லாரிக்காரனின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வெள்ளைத் துணியைப் பார்த்திருக்கிறான், யாரோ பெரியவர் அடங்கிய இடம் என்று நினைத்துத் தன் கைக்குட்டையையும் கட்டியிருக்கிறான். சக்கரம் ஏறிவிட்டது. பிறகு ஆங்கிலம் படித்த ஒரு மாணவி வந்து E, M என்று வாசித்தாள். அது எமிர் ஆயிற்று. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மலைப்பாதை முழுவதும் டவர் இல்லாமல் வருகிறார்கள். புதருக்கு முன்னால் நின்று வேண்டியதும் பையில் இருக்கும் போன் டிங், டிங், டிங் என்கிறது. வழியெல்லாம் தேங்கிக் கிடந்த செய்திகள் மொத்தமாக வந்து விழுகின்றன. மகனுக்கு மாஸ்கோவில் வேலை கிடைத்தது, அக்காவுக்குப் பிரசவம் ஆனது, கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வேண்டிய கையோடு பதில் வந்தால் யார்தான் துணி கட்ட மாட்டார்கள்? அங்கேயே நின்று படமெடுத்து அங்கிருந்தே அனுப்பவும் செய்கிறார்கள். வேறெங்கிருந்து அனுப்ப முடியும்?

கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று நான் கோப்பையில் கரண்டி ஆட்ட முடியாது. அதனால்தான் மூன்று வாரம் அழைக்கவில்லை.

இப்போது இன்னொன்று. செல்போன் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் கருவியோடு வந்தார். ஊருக்குக் கோபுரம் வைக்கத் தயார், ஆனால் கணவாயில் இருக்கும் பெரிய கோபுரம் கண்ணுக்குத் தெரியும் இடம் அந்தச் சரிவு மட்டும்தான் என்கிறார். எமிர் அத்தாவின் பெரிய பக்தை, நம்மூர் பெர்மெத், ஊரைத் திரட்டிவிட்டாள். "பெரியவர் தலைமாட்டுல இரும்பு நடுவாங்களா? என் பிணத்து மேல நடட்டும்" என்கிறாள். ஜூலை 9 அன்று ஊர்க்கூட்டம். ஊர் வேண்டாம் என்றால் கோபுரம் ஆற்றுக்கு அக்கரை ஊருக்குப் போய்விடும்.

அந்தத் துணி யாருடையது என்று நான் வாயைத் திறந்தால் நாலு வருடம் உன்னிடம் பொய் சொன்னேன் என்பது ஊருக்குத் தெரியும். திறக்காவிட்டால் கோபுரம் இல்லை, போன் இல்லை, செப்டம்பரில் கார். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

மைசரா

பிஷ்கெக்
23 ஜூன்

அண்ணி,

முதல்ல சிரிச்சேன். கரண்டி! "எங்க அண்ணி டீயில எவ்வளவு சர்க்கரை போடறாங்க, கலக்கிக்கிட்டே இருக்காங்க, நீரிழிவு வந்துடும்"னு மீரிம் கிட்ட எத்தனை தடவை புலம்பியிருக்கேன்.

அப்புறம் கோவம் வந்துச்சு. நாரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருஷம் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான். லைன்ல ஒரு மூச்சை வச்சே எந்த ஊர் ஆளுன்னு சொல்லுவேன். என் காதுக்கே கரண்டி ஆட்டியிருக்கீங்க. காத்து உய்யுனு கேட்டப்போ "சமோவார் கொதிக்குது"ன்னீங்க. நம்பினேனே! உங்க எழுபத்தொன்பதாவது பிறந்தநாள் அன்னிக்கு வெளியில மைனஸ் இருபத்தேழு. நாற்பது நிமிஷம் பேசினோம். அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க அண்ணி? பதில் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்.

கோவத்துல நேத்து பூரா எழுதலை. இன்னிக்கு எழுதறேன், ஏன்னா நானும் ஒண்ணு சொல்லணும்.

நானும் என் ரூம்லேருந்து பேசலை.

மீரிம் வீட்டுலேருந்தே ஆபீஸ் வேலை பாக்கறா. பகல் பூரா திரையில மீட்டிங். உங்களோட பேசினா என் குரல் எப்படி ஏறும்னு உங்களுக்குத் தெரியும், எக்ஸ்சேஞ்சு பழக்கம். "அத்தே, கொஞ்சம் மெதுவா, பாஸ் லைன்ல இருக்காரு"ன்னு ரெண்டு தடவை சொன்னா. தப்பா சொல்லலை. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒன்பது மாடி இறங்கி, கீழே ஊஞ்சல் பக்கத்து பெஞ்சுல உக்காந்துதான் உங்களோட பேசுவேன். "என் ரூம் கதகதன்னு இருக்கு அண்ணி"ன்னு சொல்லிக்கிட்டே மூக்கைத் துடைப்பேன். சளி, வீட்டுத் தூசின்னு சொன்னேன்ல? அது தூசி இல்லை.

ரெண்டு கிழவிங்க, ரெண்டு ஊர்ல, பனியில உக்காந்துக்கிட்டு, "இங்க நல்லா சூடா இருக்கு"ன்னு நாலு வருஷமா பொய் பேசியிருக்கோம். எங்க அண்ணன் இருந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருப்பாரு.

நான் மட்டும் இங்க ஆசைப்பட்டா இருக்கேன்? உங்களை இங்க கூப்பிடறதே எனக்குப் பேச்சுத் துணை வேணும்னுதான். நான் அங்க வரலாம். ஆனா டவர் இல்லாத ஊர்ல போய் உக்காந்துட்டா உலானும் புள்ளைங்களும் என்னை எப்படிப் பிடிப்பாங்க? பேத்தி முகத்தைப் பாக்காம எனக்கு ஒரு நாள் ஓடாது, அடுத்த ரூம்ல இருந்தாலும்.

கூட்டத்துல பேசறதும் பேசாததும் உங்க இஷ்டம். ஆனா ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். உங்களை இன்னொரு குளிர்காலம் அந்தச் சரிவுல ஏற விட மாட்டேன்.

ஜிபார்

தெர்ஸ்புலாக்
27 ஜூன்

கூர்க்கண்ணிக்கு,

கப்பார் ஹாரன் அடிக்கிறான், சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று பெர்மெத்தின் மருமகள் ஜில்திஸ் வந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லாமல் மாமியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண். மே மாதம் புதரில் துணி கட்டியிருக்கிறாள். கட்டி முடிச்சுப் போட்ட நிமிடம் நாரின் ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனை முடிவு அவள் போனில் வந்து விழுந்திருக்கிறது. இப்போது நான்கு மாதம். சூடான ரொட்டி கொண்டுவந்தாள். "ஆசிரியரம்மா, எமிர் அத்தா யாருன்னு புஸ்தகத்துல எங்கேயாவது இருக்கா? பையன் பொறந்தா எமிர்னு வைக்கணும், அவரைப் பத்தி அவனுக்குச் சொல்லணும்" என்று கேட்டாள்.

நான் பள்ளியில் முப்பத்தெட்டு வருடம் ருஷ்ய மொழி கற்றுக்கொடுத்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த மாணவியையும் அனுப்பியதில்லை. நேற்று அனுப்பினேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் தலையணை உறையிடம் போய்ப் பிள்ளை கேட்கிறார்கள். இதை உன்னைத் தவிர யாருக்கும் எழுத முடியாது.

உன்னிடம் இருக்கும் இன்னொரு உறையை அனுப்பு. துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பு.

மைசரா

பிஷ்கெக்
30 ஜூன்

அண்ணி,

உறை இதோட வருது. துவைச்சேன். இஸ்திரி போட்டேன், ஆனா உங்க கண்ணுக்கு நாலு சுருக்கம் தெரியும், திட்டாதீங்க.

ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோங்க. எல்லார் கையிலயும் போன் இருக்கு. நீங்க எழுந்து பேசினா யாராவது படம் எடுப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள நாரின் முழுக்கப் பாத்துடும். "எமிர் அத்தாவை ஏமாத்தின கிழவி"ன்னு போடுவாங்க. முதுகுப் படத்துக்கே ஒரு பாரா முழுக்கக் கோபப்பட்டவங்க நீங்க.

கார் வராதுன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை. ஆனா நீங்க தலைகுனிஞ்சு நிக்கறதை நினைச்சாலும் தாங்கலை. எதைச் செய்யச் சொல்றதுன்னு தெரியலை அண்ணி.

ஜிபார்

தெர்ஸ்புலாக்
11 ஜூலை

அன்புள்ள கூர்க்கண்ணிக்கு,

நான் தலைகுனியவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

கூட்டம் புதருக்குப் பக்கத்திலேயே நடந்தது. அறுபது பேர் இருப்பார்கள். ஊர்த்தலைவர், பள்ளிவாசல் இமாம், இன்ஜினியர் மூவருக்கும் நாற்காலி. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை.

பெர்மெத் அரை மணி நேரம் பேசினாள். "அத்தா எனக்குப் பேரனைக் குடுத்தவரு. இரும்பு அடிச்சு அவரை எழுப்பிவிட்டா ஊரே விளங்காது" என்றாள். இமாமுக்குப் புதரைக் கும்பிடுவது ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை. ஆனால் பெர்மெத்தை எதிர்த்துப் பேச அவருக்கும் தைரியம் இல்லை. தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும்" என்றேன். நீ சொன்னபடியே பதினைந்து போன்கள் என் பக்கம் திரும்பின. "பிடிக்கறவங்க நேராப் பிடிங்க, ஆட்டாதீங்க. முகம் தெரியற மாதிரி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

பையிலிருந்து உன் உறையை எடுத்து விரித்துப் புதரில் இருந்த துணிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே விளிம்பு, அதே மூலை, அதே இரண்டு எழுத்து. முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து வந்து தையலைத் தடவிப் பார்த்தார்கள். இந்த ஊரில் நூல் உருவித் தைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அவர்களுக்குத் தெரியும். பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், ஒருத்திக்கும் வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தம், பனி, கோப்பை, கரண்டி எதையும் விடவில்லை. போன் ஏன் இங்கே மட்டும் ஒலிக்கிறது என்பதை இன்ஜினியரை எழுந்து நின்று சொல்லச் சொன்னேன். அவர் பாவம், என் பழைய மாணவனைப் போல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

பெர்மெத் விடவில்லை. "அப்ப இந்த எழுத்து? M நீங்க, மைசரா. E யாரு? அது எமிர்தான். பெரியவர் பேரு உங்க கை வழியா வந்திருக்கு, உங்களுக்கே தெரியாம!"

"அது என் வீட்டுக்காரர்" என்றேன்.

"வீட்டுக்காரர்னா? பேரு என்ன, சொல்லுங்க!"

வேண்டுமென்றேதான் கேட்டாள். ஐம்பத்தாறு வருடமாக நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்று அவளுக்குத் தெரியும். நான் இந்த ஊருக்கு வந்தபோது, "தாத்தார் இனத்துப் பொண்ணு, கன்னியாஸ்திரீகிட்ட வளர்ந்தவ, நம்ம வழக்கத்தை எங்கே மதிக்கப் போறா" என்று சொன்னது அவள் அம்மாதான். அதற்காகவே இங்கே பிறந்த மருமகள்களைவிடக் கண்டிப்பாக நடந்துகாட்டினேன். அவர் காய்ச்சலில் கிடந்தபோதும் 'வீட்டுக்காரரே' என்றுதான் கூப்பிட்டேன். கடைசி நாளன்றும் அப்படித்தான்.

யாரோ ஒருவருடைய போன் டிங் என்றது.

"எசென்குல்" என்றேன். "E எசென்குல், M மைசரா. எமிர்னு இங்கே யாரும் இல்லை. எசென்குல்தான் இருந்தார்."

சொல்லி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். ஊர்த்தலைவர் நாற்காலியை நகர்த்தினார், இந்த முறை உட்கார்ந்தேன்.

பெர்மெத் இரண்டு துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளா நாங்க உங்க வீட்டுக்காரர் தலையணைகிட்டயா வேண்டிக்கிட்டோம்?" என்றாள்.

"ஆமா. அவர் குறட்டை விட்ட தலையணை" என்றேன்.

முதலில் சிரித்தவர் இமாம். பிறகு ஊரே சிரித்தது. சிரிக்காதவள் ஜில்திஸ் ஒருத்திதான். வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கோ" என்றேன். "எதுக்கு ஆசிரியரம்மா? செய்தி வந்தது நிஜம்தானே" என்றாள். பிறகு அந்தத் துணியை அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டாள். அவிழ்க்கவில்லை.

கோபுரம் புதருக்கு முப்பது அடி மேலே வரும். ஒப்புதலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பெர்மெத் கடைசியாகப் போட்டாள்.

மைசரா

பிஷ்கெக்
15 ஜூலை

அண்ணி,

வீடியோ பாத்தேன். இங்க எட்டு பேர் அனுப்பினாங்க. உலான் சத்தத்தைக் கூட்டி வச்சான், மீரிம் மீட்டிங்கை நிறுத்திட்டு வந்து நின்னு பாத்தா. காத்துல பாதி கேக்கலை, ஆனா அந்தப் பேர் கேட்டுச்சு. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டிக் கேட்டேன். எங்க அம்மா கூப்பிடற மாதிரி இருந்துச்சு, கடைசி எழுத்துல ஒரு இழுப்பு. அந்த இழுப்பை எங்கே கத்துக்கிட்டீங்க? அம்மா கூப்பிடறதை அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு மனசுக்குள்ள சொல்லிப் பாத்திருக்கீங்க, இல்லையா?

உலான் கிட்ட சொல்லிட்டேன். கார் வராது.

உங்களைப் பத்தி ஒருத்தரும் தப்பா எழுதலை. "இந்த அம்மாவுக்கு முதல்ல கனெக்‌ஷன் குடுங்க"ன்னுதான் எழுதியிருக்காங்க. நாலாயிரம் பேர் அதுக்கு இதயம் போட்டிருக்காங்க. அது என்னன்னு கேக்காதீங்க, நல்லதுதான்.

ஜிபார்

தெர்ஸ்புலாக்
8 அக்டோபர்

அன்புள்ள ஜிபாருக்கு,

பார்த்தாயா, எழுதிவிட்டேன். ஒரு பெயரைச் சொன்ன பிறகு மற்றதை மட்டும் பூட்டிவைப்பதில் அர்த்தம் தெரியவில்லை. கடித உறையின் மேலும் இந்த முறை நானே எழுதினேன். கப்பாருக்குத்தான் ஏமாற்றம்.

கோபுரம் ஓடத் தொடங்கிப் பதினான்கு நாள் ஆகிறது. முதல் முறை சமையலறையில் போன் ஒலித்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, அது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் பேசுகிறோம். எண்ணிப் பார்த்தேன். "டீ குடிச்சீங்களா?" பதினான்கு முறை. "குடித்தேன்" பதினான்கு முறை. "அங்க குளிரா?" ஒன்பது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜூன் முதல் ஜூலை வரை நாம் காகிதத்தில் சொல்லிக்கொண்டதில் ஒரு வரியைக்கூட இந்தப் பதினான்கு நாளில் வாயால் சொல்லவில்லை. கையெட்டும் தூரத்தில் குரல் இருந்தால் எல்லாவற்றையும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிடுகிறது போலும்.

இன்னொன்றும் கவனித்தேன். நேற்று நீ பேசும்போது பின்னால் கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம். "கதவு" என்றாய். அது ஊஞ்சல். நீ இன்னும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாய். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கவில்லை என்றாலும் எனக்கும் காது உண்டு.

ஆகவே கேட்கிறேன். இங்கே வந்துவிடு. கிழக்கு அறையில் அடுப்பு நன்றாக எரிகிறது. நீ எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கேட்க என்னைத் தவிர ஆள் இல்லை. டவர் இல்லாத ஊரில் பிள்ளைகள் உன்னை எப்படிப் பிடிப்பார்கள் என்று எழுதினாய். அந்தக் காரணம் இப்போது மலைச்சரிவில் சிவப்பு விளக்கோடு நிற்கிறது. பேத்தி தினமும் உன் முகத்தைத் திரையில் பார்க்கட்டும். அங்கேயும் அப்படித்தானே பார்க்கிறாள். விடுமுறைக்கு உலான் காரோடு வரட்டும். அந்தக் காரை ஒரு முறையாவது நான் சந்தோஷமாக வரவேற்க வேண்டும்.

கிழிந்த உறைக்குப் புது விளிம்பு தைத்துவிட்டேன். கண் முன்பு போல இல்லை, ஏணியில் இரண்டு படி கோணல். உன் உறையைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டும் கிழக்கு அறையில் இரண்டு தலையணையில் இருக்கின்றன. உன் உறையில் நாலு சுருக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், பிறகு டவர் போய்விட்டது என்று இருவரும் பொய் சொல்வோம். அதனால் எழுதுகிறேன்.

கப்பார் சனிக்கிழமை திரும்புகிறான். வருகிறாயா இல்லையா என்று உன் கைப்பட எழுதி அவனிடம் கொடுத்துவிடு.

மைசரா